சுருங்கிய கம்பளிச் சட்டை

நுவரெலியா, பண்டாரவளை முதலிய மலைநாட்டு ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குக் கம்பளிச் சுவெற்றர் ஆடம்பரப் பொருளன்று. தை, மாசி மாதங்களிலே, நுவரெலியாவில் சில நாள்களிற் புல்நுனியில் உறைபனியும் படியும் விடியற்பொழுதில், பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு அது இன்றியமையாத் தேவை. யாழ்ப்பாணத்தாருக்கோ அது பெட்டியில் உறங்கும் பொருள். எனினும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினர் இல்லாத வீடு இன்று அரிது ஆதலின், அங்கிருந்து வந்த கம்பளியாடை ஒன்றேனும் பல இல்லங்களில் உண்டு.

இவ்வாடையைச் சுடுநீரிற் கசக்கியோ, சலவை இயந்திரத்தில் இட்டோ எடுத்தபின், தந்தையின் சட்டை மகனுக்குரிய அளவினதாய் மாறியிருக்கக் கண்டு திகைத்தோர் பலர். திகைத்தவுடன் பெரும்பாலோர் அதனை இரு கைகளாலும் பற்றி இழுப்பர். இது தவறு. உலர்ந்த கம்பளி இழுவைக்கு எளிதில் இணங்காது; தையல் அறும், பின்னல் கோணும்.

முதலில் நிகழ்ந்தது யாதென அறிதல் வேண்டும். ஆட்டு உரோமமும் நமது தலைமயிரும் கெரற்றின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. நுணுக்குக்காட்டியில் நோக்கின், உரோமத்தின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரைபோலச் செதில்கள் அடுக்கியதாய்த் தோன்றும். செதில்களின் விளிம்புகள் யாவும் நுனியை நோக்கியிருக்கும். மாணவர்கள் இதனைக் கருவியின்றியே அறியலாம். நீண்ட தலைமயிர் ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து, அதன் நீளத்தின் வழியே முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். மயிர் ஒரு திசையிலேயே நகர்ந்து செல்லும். அது வேர்ப்புறம் முன்செல்லும் திசை. சலவையின்போது கம்பளியிலும் இதுவே நிகழ்கின்றது. ஈரத்திற் குலுக்கப்பட்ட ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாக ஊர்ந்து அயலிழைகளுடன் சிக்குகின்றது. செதில்கள் பின்னோக்கி மீள விடுவதில்லை. சூடும், சலவைச் சோடா போன்ற காரப்பொருளும் இதனை விரைவுபடுத்தும். ஆயினும் முதற் குற்றவாளி குலுக்கலும் கசக்கலுமே. வெந்நீரை மட்டும் பழிப்பது நியாயமன்று. மங்கோலிய நாடோடி மக்கள் தம் கூடாரங்களைப் போர்த்தும் தடித்த கம்பளத்தை இவ்வாறே, வேண்டுமென்றே, இழைகளைச் சிக்கவைத்து ஆக்குகின்றனர்.

இது ஒருவகைச் சுருக்கம். மற்றொன்று இத்துணைக் கொடியதன்று. ஆலையிலோ பின்னும்போதோ இழுத்து வைக்கப்பட்ட நூல், நீர்பட்டதும் தன் இயல்பு நிலைக்குத் தளர்ந்து குறுகுவது அது. இவ்விரண்டாம் வகையை மீட்கலாம். முதல் வகை முற்றியபின் மீட்சியில்லை. கைத்தொலைபேசிகளில் உலவும் குறிப்புகள் இவ்வேறுபாட்டைக் கூறாமல், எல்லாச் சட்டைகளையும் பழைய அளவுக்குக் கொணரலாம் என உறுதியளிப்பதே எனக்கு உடன்பாடற்றது.

சோதிப்பது எளிது. சட்டையை நனைத்து, ஓரிடத்தை மெல்ல விரித்துப் பாருங்கள். பின்னற்கண்கள் தனித்தனியே தெரிந்து, விரிந்தும் சுருங்கியும் கொடுத்தால் நம்பிக்கை உண்டு. கண்கள் மறைந்து, துணி பலகைபோல் தடித்திருப்பின் உழைப்பு வீண். சட்டையின் உள்ளே தைத்த சீட்டையும் படியுங்கள். கம்பளி என விற்கப்படுவன பல அக்கிறிலிக் என்னும் செயற்கை இழையினவே. அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

என்னுடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஹற்றனைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் தமது இறுதி ஆண்டிற் பின்னிய சுவெற்றர், வீட்டுச் சலவை இயந்திரத்தில் பிற உடைகளோடு சுழன்று குறுகிவிட்டது. “கடையில் வேறொன்று வாங்கலாம், இதனை வாங்க முடியாதே” என்றார். கைகளின் பகுதியிற் கண்கள் தெரிந்தன. மார்புப்பகுதி பெரிதும் சிக்குண்டிருந்தது. இரண்டையும் அவரிடம் மறைக்காமற் சொன்னேன்.

செய்த முறை இது. பொருத்தமான வேறொரு சட்டையைப் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் பரப்பிப் பென்சிலால் அதன் உருவை வரைந்துகொண்டோம். கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீர், ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ், அரைவாளி எடுத்து, தலைமயிருக்கு இடும் கண்டிஷனர் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, சுவெற்றரை அரைமணி நேரம் அசையாது ஊறவிட்டோம். நீரிற் கம்பளியின் மேற்பரப்பு மறை மின்னேற்றமுடையது. கண்டிஷனரில் உள்ள நேர் மின்னேற்றப் பொருள் அதன்மேற் படிந்து, இழைகள் வழுக்க உதவுகின்றது. பின்னர் இரு கைகளாலும் தாங்கி எடுத்து, முறுக்காமல், துவாயிற் சுருட்டி அழுத்தி நீரை வாங்கினோம். விரிப்பில் இட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்து, கோட்டுக்கு வந்தவிடமெல்லாம் துருப்பிடிக்காத குண்டூசி குத்தினோம். கழுத்து, இடைப் பட்டிகளை இழுக்கலாகாது. அவை தொய்ந்தால் மீள்வதில்லை. நிழலிற் படுக்கையாகவே உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரமே உருவைக் கெடுக்கும்.

இஃது ஏன் பயன் தருகின்றது என்பதற்கு விடை, கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற லீட்ஸ் நகரில் வெளிப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வில்லியம் அஸ்ற்பரி, இழுத்த கம்பளியையும் மயிரையும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, மடிந்திருந்த புரதச் சங்கிலிகள் இழுக்கும்போது நீள்கின்றன என்றும், விட்டால் மீண்டும் மடிகின்றன என்றும் காட்டினார். நீர், சங்கிலிகளுக்கு இடையேயுள்ள ஐதரசன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றது; இழுத்த நிலையிலேயே உலர்ந்தால் அவை அந்நிலையிற் புதிதாக அமைகின்றன. ஈரத்தலையைச் சீவி உலரவிட்டால் மயிர் படிந்திருப்பதும் இதனாலேயே. மறுபடி நனைந்தால் அப்படிவு குலையும். ஆகவே ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் சட்டையை விரிப்பில் இட்டு உருவமைத்தே உலர்த்தல் வேண்டும்.

வினாகிரி, அப்பச்சோடா பற்றியும் கேட்கின்றனர். வினாகிரி சிறிதளவாயின் எஞ்சிய சவர்க்காரத்தின் காரத்தைத் தணிக்கும், சட்டையை நீட்டாது. அப்பச்சோடா காரப்பொருள், கம்பளியருகே அதற்கு வேலையில்லை. குளோரின் வெளிற்றியோ கம்பளியைக் கரைத்தே விடும்.

மூன்று நாள் இடைவெளியில் இருமுறை செய்ததில், கைகள் ஆசிரியரின் மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கிடை அருகே வந்தன. மார்பு அசையவில்லை. அதை வெட்டித் தலையணை உறை தைக்கலாம் என ஒருவர் யோசனை கூறினார், அவர் இசையவில்லை. எட்டாம் வகுப்பிற் பயிலும் அவருடைய மகள் இப்போது அதனை அணிகின்றாள். கைகளை மட்டும் ஒரு மடிப்பு மடித்துக்கொள்கின்றாள்.