தவளைக்கு ஒரு கரண்டி உப்பு

ஆறுமுகநேரியில் வாழ்கிறவர்களுக்கு உப்பின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். தொண்டை கரகரத்தால் உப்பு நீர். கால் வீங்கினால் உப்பு ஒத்தடம். மீன் கெடாதிருக்கவும் உப்பு. ஆகவே, எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவனின் தவளை சோர்ந்து கிடந்தபோது, "தண்ணியில கொஞ்சம் உப்பைப் போடுல, சரியாப் போயிரும்" என்று அவனுடைய ஆச்சி சொன்னதில் வியப்பில்லை.

அவனும் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டான். மாலையில் புட்டியோடு என்னிடம் ஓடி வந்தான். தவளை கால்களை நீட்டிக் கிடந்தது. தொடைகளின் உட்புறம் சிவந்திருந்தது. தண்ணீரை மாற்றினோம். ஆயினும் மறுநாள் காலை அது இறந்துவிட்டது. "சார், நான்தான் கொன்னுட்டேனா?" என்று கேட்டான்.

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்லி மழுப்பிவிடலாம். ஆனால் அது அவனுக்கும் நியாயமன்று, தவளைக்கும் நியாயமன்று. கணக்குப் போட்டே பார்ப்போம்.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. அதன் உடல் நீரில் ஏறத்தாழ 0.65 சதவிகித உப்பின் செறிவு உண்டு. குளத்து நீரில் உப்பு மிகக் குறைவு. எனவே சவ்வூடு பரவல் விதிப்படி நீர் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. மிகுதியான நீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அதோடு சிறிது உப்பும் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடு செய்யத் தோல் ஓயாமல் சோடியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. டென்மார்க் அறிஞர் ஹான்ஸ் உஸ்ஸிங் 1951-இல் தவளைத் தோலை இரு அறைகளுக்கிடையே பொருத்தி, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தே இதை நிறுவினார். தவளையின் தோல் வெறும் போர்வையன்று. உயிருள்ள ஒரு மின்கலம்.

இப்போது நம் புட்டிக்கு வருவோம். ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 5 கிராம். புட்டியில் இருந்தது ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லிலிட்டர் நீர். செறிவு 2.5 சதவிகிதம், தவளையின் உடல் நீரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கடல் நீரே 3.5 சதவிகிதந்தான். போதாக்குறைக்கு அவன் ஊற்றியது கரிக்கும் கிணற்று நீர். நீரின் ஓட்டம் திசை மாறிற்று. தவளைக்குள் சென்ற நீர், தவளையை விட்டு வெளியேறத் தொடங்கிற்று.

ஆகவே அவனுக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, நோய் முன்பே வந்துவிட்டது. தொடையின் சிவப்பு அதற்கு அடையாளம். ஆனால் உப்பு அதற்கு உதவவில்லை, கேடுதான் செய்திருக்கும்."

தவளையின் நோயை அறிவது எப்படி? இரை எடுக்காமை, உடல் மெலிதல், அல்லது நீர் கோத்து உப்புதல், கால்களை மடக்காமல் கிடத்தல், தோல் அளவுக்கு மீறி உரிதல், கண் மங்குதல், வயிற்றிலும் தொடையிலும் சிவப்பு, மல்லாந்தால் புரண்டு எழ இயலாமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் முதலில் சோதிக்க வேண்டியது நீரைத்தான்.

நோயுற்றதைத் தனியே பிரித்து வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். நீர் ஆழமின்றி இருக்கட்டும், ஏறி அமர ஒரு கல் இருக்கட்டும், வெயில் படாதிருக்கட்டும். சோப்புப் போகக் கழுவிய ஈரக் கையால் மட்டுமே தொடுங்கள். மஞ்சளோ, நம் வீட்டு மருந்தோ வேண்டாம்; நம் தோலின் மேலே நிற்பது தவளையின் தோலில் உள்ளே போய்விடும். நாள்தோறும் எடையைக் குறித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தவளையைத் தொட்ட பின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். சால்மோனெல்லா என்னும் கிருமி அதனிடமிருந்து நமக்கு வரலாம்.

"சாகப் போவதைக் குளத்தில் விட்டுவிடலாமே" என்று பலர் இரக்கத்தோடு சொல்வார்கள். அது ஓர் உயிருக்கு இரக்கம். ஒரு குளத்துக்கே ஆபத்து. கைட்ரிட் என்னும் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கி, உஸ்ஸிங் கண்ட அந்த அயனிக் கடத்தலையே கெடுக்கிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது. இப்பூஞ்சையால் உலகில் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் குறைந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதை நாடு விட்டு நாடு பரப்பியதில் மனிதனின் தவளை வாணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. நம் தாமிரவருணி பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தொடரிலும் இப்பூஞ்சை காணப்பட்டுள்ளது. ஆகவே நோயுற்ற தவளையையோ, அது கிடந்த நீரையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடலாகாது. அந்த நீரைக் கொதிக்க வைத்தபின் கொட்டுங்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தவளையைப் புட்டியில் வளர்க்க வேண்டாம். நம் நாட்டுத் தவளை இனங்கள் பலவற்றுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு, பிடிப்பதே குற்றமாகலாம். வளர்த்தால்தானே உயிர்களிடத்தில் அன்பு வரும் என்பார்கள். அந்தப் பையனிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆச்சியிடமும் இல்லை. இல்லாதது அளவு ஒன்றுதான். ஓர் உயிரின் உடல் எந்த விதிப்படி இயங்குகிறது என்று அறியாத அன்பு, கையில் கரண்டியோடு வரும்போது அஞ்ச வேண்டியதாகிவிடுகிறது.

ஐப்பசி மழைக்கு வயலோரங்களில் தவளைகள் தாமே கூடிக் கத்தும். எத்தனை வகைக் குரல்கள், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்தப் பையன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.