டாக் வாங்கியாச்சு... மானிட்டர்ல படம் வரலையே! - அக்காவிடம் நான் கற்ற பாடம்

"ஏன்டா, நமக்கே இங்க கால் நீட்டிப் படுக்க இடம் இல்ல. இதுல நாய் வேறயா?"

போன மாதம் மதுரை வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி இதுதான். "தம்பி சொன்னான்னு ஒரு டாக் வாங்கினேன், சரியாவே வேலை செய்யல" என்று அக்கா யாரிடமோ போனில் புலம்பியிருக்கிறாள். அது பாட்டியின் காதில் விழுந்திருக்கிறது. வாங்கியது நாய் இல்லை, லேப்டாப்போடு மாட்டுகிற டாக்கிங் ஸ்டேஷன் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா, சென்னையில் இருக்கிற ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறாள். 14 இன்ச் லேப்டாப் ஸ்கிரீனில் டாலி, பேங்க் ஸ்டேட்மென்ட், எக்ஸெல் என்று மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து பார்க்க வேண்டும். மாதா மாதம் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி 3பி என்று கெடு வேறு துரத்தும். அப்படி ஒரு 20-ம் தேதிக்கு முதல் நாள் ராத்திரி, ஒரு வாடிக்கையாளர் கணக்கில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனது. ஆடிட்டர் திட்டவில்லை. "ஆபீஸுக்கே வந்து பார்க்க முடியுமாம்மா? இங்க ரெண்டு மானிட்டர் இருக்கே" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற அம்மாவையும், மூன்று வயது பாப்பாவையும் விட்டுவிட்டு அவள் எப்படிச் சென்னைக்கு வருவாள்? "வீட்லயே ரெண்டு மானிட்டர் வச்சுக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள். நானும் டெஸ்க் வேலைக்கு நடுவே ஒரு லிங்க்கை அனுப்பி, "இதை வாங்கிக்கோ" என்றேன். உன் லேப்டாப் என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விலை 5,400 ரூபாய். பெட்டியின் மேல் லேப்டாப்புக்கு இரண்டு பக்கமும் மானிட்டர் ஜொலிக்கிற மாதிரி படம். பழைய மானிட்டர் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒன்று என இரண்டையும் டாக்கில் மாட்டியிருக்கிறாள். கீபோர்டு வேலை செய்தது. மௌஸ் வேலை செய்தது. இன்டர்நெட் கேபிளும் வேலை செய்தது. மானிட்டர்கள் இரண்டிலும் 'நோ சிக்னல்'.

"எனக்குத்தான் மாட்டத் தெரியலன்னு நெனச்சேன்டா. நீ வந்தா பார்த்துக்கலாம்னு அப்படியே வச்சுட்டேன்" என்றாள். அதற்குள் ஏழு நாள் ரிட்டர்ன் கெடு தாண்டியிருந்தது.

அவள் சரியாகத்தான் மாட்டியிருந்தாள். தப்பு செய்தது நான்.

பாயசம் இல்லாத பந்தி

டாக் வாங்குகிற பலரும் செய்கிற தவறு இது. இரண்டு மானிட்டரில் படம் காட்டுவது டாக்கின் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் படத்தை அனுப்ப வேண்டியது லேப்டாப். டாக் அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடுப்படியில் பாயசமே காய்ச்சவில்லை என்றால், அவர் வாளியோடு வந்து நின்று என்ன பயன்?

குழப்பத்துக்குக் காரணம் யு.எஸ்.பி-சி போர்ட். 2014-ல் அறிமுகமான இந்தச் சின்ன முட்டை வடிவப் போர்ட்தான் இப்போது பெரும்பாலான போன்களிலும் லேப்டாப்களிலும் இருக்கிறது. ஆனால், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாம் ஒரே வேலையைச் செய்யாது. சில போர்ட்கள் ஃபைல்களை மட்டும் அனுப்பும். சில சார்ஜும் ஏற்றும். சில மட்டும்தான் மானிட்டருக்குப் படமும் அனுப்பும். அக்காவின் லேப்டாப்பில் இருந்தது முதல் ரகம்.

உங்க லேப்டாப் எந்த ரகம்?

லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் அடியில் மாடல் நம்பர் இருக்கும். அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, யு.எஸ்.பி-சி பற்றிய வரியைப் படியுங்கள்.

1. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்: இந்த வார்த்தை இருந்தால் அந்தப் போர்ட் வழியாகப் படம் போகும். விண்டோஸ் லேப்டாப்பாக இருந்து, டாக்கும் எம்.எஸ்.டி என்கிற வசதியோடு வந்தால், ஒரே கேபிளில் இரண்டு மானிட்டருக்கு இரண்டு வெவ்வேறு படங்களை அனுப்ப முடியும்.

2. தண்டர்போல்ட்: போர்ட் பக்கத்தில் அம்பு முனையோடு ஒரு மின்னல் அடையாளம் இருக்கும். தண்டர்போல்ட் 4 என்றால் இரண்டு 4கே மானிட்டர்களை இயக்கும் திறன் லேப்டாப்பில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. டாக்கும் தண்டர்போல்ட்டாக இருந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். விலையும் அதற்கேற்ப எகிறும்.

3. இரண்டும் இல்லை: கவலை வேண்டாம், டிஸ்ப்ளேலிங்க் என்ற வழி இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் உள்ள டாக், சாதாரண யு.எஸ்.பி போர்ட் வழியாகவே மானிட்டரை இயக்கும். லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். அதுதான் படத்தைச் சுருக்கி அனுப்பும். கணக்கு, டைப்பிங், மெயில் வேலைகளுக்கு இது தாராளம். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் திணறும். ஓ.டி.டி படங்கள் சில நேரம் கறுப்பாகத் தெரியும். ஆபீஸ் லேப்டாப் என்றால், சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்ய அனுமதி உண்டா என்று உங்கள் ஐ.டி பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள்.

இணையதளத்தில் படித்தும் புரியவில்லையா? செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. யு.எஸ்.பி-சி-யை ஹெச்.டி.எம்.ஐ ஆக மாற்றுகிற சாதாரண அடாப்டர் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்குங்கள். அதை மாட்டி வீட்டு டி.வி-யில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் போர்ட் படம் அனுப்பும். இந்த இரண்டு நிமிட வேலையை நான் அக்காவிடம் சொல்லியிருந்தால் 5,400 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு...

உங்களுக்குத் தனிக் கணக்கு. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர், வெளியே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏர், லேப்டாப்பை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும். எம்4 ஏர், திறந்தபடியே இரண்டை இயக்கும். எம்.எஸ்.டி முறையில் இரண்டு மானிட்டரை விரிக்கும் வசதி மேக்கில் கிடையாது. அப்படிப்பட்ட டாக்கை மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். பழைய மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கும் டிஸ்ப்ளேலிங்க்தான் வழி.

இன்னும் சில விஷயங்கள்

கேபிள்: போனோடு வந்த சார்ஜிங் கேபிளை டாக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலான சார்ஜிங் கேபிள்களில் படம் போகாது. டாக்கோடு வந்த கேபிளே நல்லது.

ஹெர்ட்ஸ்: '4கே' என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்தில் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மௌஸ் நகர்வதே இழுத்து இழுத்துத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

சார்ஜ்: சில டாக்குகள் லேப்டாப்பையும் சேர்த்து சார்ஜ் செய்யும். உங்கள் சார்ஜரில் 65 வாட்ஸ் என்று போட்டிருந்தால், டாக் லேப்டாப்புக்கு அதைவிடக் குறையாமல் தர வேண்டும். பெட்டியில் 100 வாட்ஸ் என்று இருந்தாலும், அதில் கொஞ்சத்தை டாக் தனக்கு எடுத்துக்கொள்ளும்.

கரன்ட் கட்: நம் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும். தனி அடாப்டரில் ஓடுகிற டாக், கரன்ட் போனதும் நின்றுவிடும். மானிட்டர்கள் இருண்டாலும், லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பதால் திறந்திருந்த ஃபைல்கள் பத்திரமாக இருக்கும். ஆனால், டாக்கில் ஹார்டு டிஸ்க் மாட்டி அதில் ஏதாவது காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். முக்கியமான ஹார்டு டிஸ்க்கை நேராக லேப்டாப்பிலேயே மாட்டிவிடுங்கள்.

செட்டிங்: விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில், மேஜையில் மானிட்டர்கள் இருக்கிற வரிசையிலேயே அந்தக் கட்டங்களை இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மௌஸை வலது பக்கம் தள்ளினால் அது இடது மானிட்டரில் போய் நிற்கும்.

கழுத்து: அதிகம் பார்க்கிற மானிட்டர் முகத்துக்கு நேராக, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் குனிந்து பார்க்கத் தேவையில்லை.

அக்காவுக்கு என்ன ஆச்சு?

அன்று ராத்திரி லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோதுதான், இடது பக்கத்தில் ஒரு ஹெச்.டி.எம்.ஐ போர்ட் இருந்ததைக் கவனித்தேன். செகண்ட் ஹேண்ட் மானிட்டரோடு வந்த கேபிளை அதில் நேராகச் சொருகினேன். உடனே படம் வந்தது. பெரிய மானிட்டரில் டாலி, லேப்டாப் ஸ்கிரீனில் பேங்க் ஸ்டேட்மென்ட். அவ்வளவுதான், இரண்டு ஸ்கிரீன் தயார். லேப்டாப்புக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டை வைத்து உயரத்தையும் சரிசெய்தோம்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. 'ரெண்டு மானிட்டர்' என்று அக்கா கேட்டதும் நான் டாக் என்று தாவிவிட்டேன். அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு ஸ்கிரீன். அதில் ஒன்று ஏற்கெனவே அவள் மடியில் இருந்தது. மூன்றாவது வேண்டுமானால் ஒரு டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "போதும்டா, இருக்கிறதுல பழகுறேன்" என்றாள். ஆகவே, நீங்கள் டாக் தேடும் முன் லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெச்.டி.எம்.ஐ இருந்து, கூடுதலாக ஒரு ஸ்கிரீன் போதும் என்றால் உங்களுக்கு டாக்கே வேண்டாம்.

அந்த டாக் வீணாகவில்லை. கீபோர்டு, மௌஸ், இன்டர்நெட் மூன்றும் அதில்தான் மாட்டியிருக்கின்றன. அதற்கு ஆயிரம் ரூபாய் சாதனமே போதும் என்பது வேறு விஷயம். 5,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அக்கா அதே வேகத்தில் திருப்பி அனுப்பி, "பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கிக் கொடு" என்று மெசேஜ் போட்டாள்.

இந்த மாதம் 20-ம் தேதி கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே 3பி வேலையை முடித்து அனுப்பிவிட்டாளாம். சென்னைக்கு வரச்சொல்லி ஆடிட்டர் மறுபடி கேட்கவில்லை. பாட்டிதான் விடுவதாக இல்லை. நேற்று போன் செய்தபோதும் முதல் கேள்வி அதுதான்: "ஏன்டா, நீ வாங்கிக் கொடுத்த நாய் இப்பவாச்சும் குரைக்குதாமா?"