24 அடிக் குடித்தனம்

எங்கள் வீட்டு ஹாலில் சோபா, டி.வி., இஸ்திரிக்குப் போகாத துணி மூட்டை எல்லாம் போக, மனுஷன் நடப்பதற்கென்று கொஞ்சம் இடம் இருக்கிறது. அதைவிடச் சற்றுப் பெரிசு அந்தப் படகு, அவ்வளவுதான். நீளம் 24 அடி 4 அங்குலம். அகலம் 9 அடி சுமார். அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் 11 வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

"கரையிலே கட்டிப்போட்ட படகா?" என்றாள் என் மனைவி. அவரைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தாள்.

"இல்லை, ஓடற படகு. கரையோரமா ஊர் ஊராப் போய், அப்படியே உலகத்தையே சுத்திட்டு வந்துட்டாங்க."

"வாடகை கிடையாதே. சுத்தலாம்."

லாரி பார்டி, லின் பார்டி என்று பெயர். லாரி கனடாக்காரர். லின் அமெரிக்கப் பெண்மணி, கணக்கு எழுதுகிற வேலையில் இருந்தவர். 1965-ல் கலிபோர்னியாவில் சந்தித்தார்கள். லாரிக்குத் தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்டிக் கடலோடு போய்விட வேண்டும் என்று ஆசை. இந்த மாதிரி ஆசை நமக்கும் வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். லாரிக்குப் போகவில்லை. லைல் ஹெஸ் என்பவர் போட்டுக் கொடுத்த பிளானை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மூன்று வருஷத்துக்கு மேல் மரம் இழைத்தார்கள். 1968-ல் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். 'ஸெராஃபின்' என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷம் புறப்பாடு.

"நடுவிலே என்ஜின் கெட்டுப் போச்சுன்னா?"

"என்ஜினே கிடையாது."

"அப்ப கெட்டுப் போறதுக்கு ஒண்ணு குறைஞ்சுது" என்றாள்.

ஆச்சரியப்பட்டுப் போனேன். ஏனென்றால் பார்டி தம்பதியின் தத்துவமே அதுதான். இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாது. விளக்குக்கு மண்ணெண்ணெய். இருக்கிற இடம் தெரிந்துகொள்ள செக்ஸ்டன்ட், அதாவது சூரியனும் நட்சத்திரமும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்க்கிற கருவி. துறைமுகத்துக்குள் காற்று நின்றுபோனால், படகின் பின்பக்கத்தில் நீளமான ஒற்றைத் துடுப்பை மாட்டி, மீன் வாலை ஆட்டுவதுபோல் ஆட்டி ஆட்டிக் கரை சேர்வார்கள்.

கரையோரப் பயணம் என்றால் பயமில்லை என்று நாம் நினைக்கிறோம். கடல்காரர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். நடுக்கடலில் முட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. கரைப்பக்கம்தான் பாறை, மணல்திட்டு, மீன் வலை, கப்பல் எல்லாம். அதுவும் என்ஜின் இல்லாத படகு! இவர்கள் முதலில் போனதே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கரையோரமாகத்தான். வாழைத்தண்டு மாதிரி 1,200 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிற தீபகற்பம் அது. கரையில் முக்கால்வாசி பாலைவனம். தக்காளி தீர்ந்துவிட்டது என்று தெருக்கோடிக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது.

"தண்ணி?"

"தொட்டியிலே இருக்கறதுதான். இந்த மாதிரி சின்னப் படகுலே பாத்திரத்தைக் கடல் தண்ணியிலேதான் கழுவுவாங்க. கடைசியா ஒரு டம்ளர் நல்ல தண்ணி."

"பாத்ரூம்?"

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "பக்கெட்" என்றேன்.

அவரைக்காய் நறுக்குவது நின்றது.

அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். "இரு, இரண்டாவது படகுலே உக்காந்து குளிக்க ஒரு தொட்டி வெச்சாங்க." வாஸ்தவம்தான். ஸெராஃபினை விற்றுவிட்டு, கலிபோர்னியாவில் கடலே கண்ணில் படாத ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் உட்கார்ந்து 'தலேசின்' என்ற இரண்டாவது படகைக் கட்டினார்கள். 1983-ல் முடிந்தது. 29 அடி 6 அங்குலம். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறம் கூடுதலாகத் தேவைப்பட்டது ஐந்தடிதான். என்ஜின் இதிலும் கிடையாது. வழிச்செலவுக்கு அங்கங்கே துறைமுகத்தில் தங்கிப் பிறத்தியார் படகுக்கு ரிப்பேர் பார்ப்பார்கள். எழுதிச் சம்பாதிப்பார்கள். (இந்த இடத்தில் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.)

படகுக் குடித்தனத்தில் புயலைவிடப் பெரிய சோதனை, சாயங்காலம் நங்கூரம் போடும் நேரமாம். ஒருத்தர் முன்மூக்கில் நிற்பார். இன்னொருத்தர் பின்னால் சுக்கானில். நடுவில் காற்று. இவர் கத்துவது அவருக்குக் கேட்காது. கேட்டதெல்லாம் தப்பாகக் கேட்கும். பக்கத்துப் படகுகளில் இருப்பவர்கள் காப்பியும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள், வேடிக்கை பார்க்க. பத்தடி ஆழத்துக்குப் பத்தடிக் கயிறு போதாது, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு படுக்கை வாட்டமாக வந்து நங்கூரம் மண்ணைக் கவ்வும். இதை எல்லாம் வாய் திறக்காமல் கை ஜாடையிலேயே முடிக்கிற தம்பதிதான் தேர்ந்த தம்பதி.

இன்னொரு கூத்து. நிறையப் படகுகளில் ஐயா ஜம்மென்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கனமான நங்கூரத்தோடு மல்லுக்கு நிற்பது அம்மா! மாற்றிக்கொள்ளுங்களேன், தூக்க பலம் வேண்டும், சுக்கானுக்கு வேண்டியது நிதானம்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஐயாக்கள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது.

பெரிய காற்றில் லாரி, லின் செய்வதை நான் இரண்டு தடவை படித்தேன். ஓட மாட்டார்கள். எதிர்க்கவும் மாட்டார்கள். பாயையும் சுக்கானையும் ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பிக் கட்டிவிட்டால், ஒன்று முன்னே தள்ள, மற்றொன்று திருப்பிவிட, படகு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். உள்ளே போய்ச் சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டு மாற்றி மாற்றித் தூங்குவார்கள். எங்கள் வீட்டில் மாதாந்திர பட்ஜெட் நாளன்று நாங்கள் செய்வதும் இதுதான். பெயர் தெரியாமல் இத்தனை நாள் செய்திருக்கிறோம்.

"ராத்திரி அவர் பாட்டுக்குக் காவல் இருக்கார், இவ உள்ளே தூங்கறா. அவர் கால் தடுக்கித் தண்ணியிலே விழுந்துட்டார்னு வெச்சுக்குங்க. இவளுக்குப் படகைத் திருப்பத் தெரியுமா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் படகு வாழ்க்கையின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. லின்னுக்குத் தெரியும். ஐந்தடிகூட இல்லாத பெண்மணி. பாய் ஏற்றுவது, சுருட்டுவது, படகைத் திருப்புவது எல்லாம் அவரும் செய்வார். படகு சின்னதாக இருந்ததன் நியாயமே இங்கேதான் எனக்குப் புரிந்தது. சின்னப் படகுக்குச் சின்னப் பாய், சின்னப் பாய்க்கு ஒரு ஆள் கை போதும். அந்த ஆள் யாராகவும் இருக்கலாம்.

2002-ல் தென் அமெரிக்காவின் தென்கோடி, கேப் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். அதுவும் காற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக. லாரிக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்புறம் சில வருஷத்தில் பார்க்கின்சன் நோய் வந்தது. 2020 ஜூலையில் நியூஸிலாந்தில் காலமானார். லின் அதற்கு அப்புறமும் எழுதினார், கடலுக்கும் போனார்.

வாசித்து முடித்தேன். என் மனைவி அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

"கரண்ட் பில் எதிலே கட்டறீங்க?"

"போன்லே. ஏன்?"

"அதுக்கு பாஸ்வேர்ட்? இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த பீரோவிலே?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"உங்களுக்குத் துவரம்பருப்பு டப்பா எதுன்னு தெரியுமா?"

தெரியாது. 33 வருஷக் குடித்தனத்தில் காஸ் சிலிண்டர்கூட மாற்றியதில்லை. சிலிண்டர்காரர் மாட்டிவிட்டுப் போவார், இல்லாவிட்டால் அவள் மாட்டுவாள்.

இதை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து. மூன்று தடவை ரெகுலேட்டரை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டேன். 'க்ளிக்' என்று சத்தம் வர வேண்டுமாம். வரவில்லை. "வாசனை பார்த்துட்டு அப்புறம் பத்த வைங்க" என்று ஹாலிலிருந்து உத்தரவு. அவள் அங்கே ஒரு கோடு போட்ட நோட்டில் என் பாஸ்வேர்டுகளை எழுதிக்கொண்டிருக்கிறாள். பாங்க் பாஸ்வேர்டில் அவள் பெயரையும் பிறந்த வருஷத்தையும்தான் சேர்த்து வைத்திருந்தேன். (மாற்றிவிட்டேன், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

வருஷம் தப்பு என்கிறாள்.