காலாளின் கொடிக்கு என்ன நிறம்?

சில மாதங்களுக்கு முன்னர் டொரொன்டோவில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய பேரன் சாப்பாட்டு மேசையில் ஒரு படையையே நிறுத்தியிருந்தான். அரைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள். 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' வகை மேசைப் போர் விளையாட்டுக்கு உரியவை. கையில் ஈட்டி, தலையில் இரும்புத் தொப்பி. "இவர்கள் பிரபுக்களுமல்லர், கலப்பையை விட்டுவந்த குடியானவர்களுமல்லர், சம்பளத்துக்குப் போரிடும் காலாட்கள்" என்று விளக்கினான். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கூலிப் படையினரின் சாயல் அவற்றில் தெரிந்தது.

"தாத்தா, எங்கட ஆட்களில இப்படிக் காசுக்குச் சண்டை பிடிச்சவை இருந்தவையோ?" என்று கேட்டான்.

இருந்தார்கள். சதுரங்கத்தில் முன்வரிசையில் நின்று முதலில் சாகும் காலாளை உலகுக்குக் கொடுத்ததே நமது துணைக்கண்டம்தானே. பொலன்னறுவையில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், வேளைக்காரப் படையினர் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாக உறுதி கூறுகின்றனர். ஆனால் நான் அவனுக்குச் சொன்னது புத்தளத்துக் கதை.

'முக்கர ஹட்டன' என்ற சிங்கள ஓலைச்சுவடி அதைக் கூறுகிறது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு, புத்தளக் கரையில் வலுப்பெற்றிருந்த முக்குவரை அடக்க விரும்பினான். அதற்காகக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தருவித்தான். மூன்று மாத முற்றுகைக்குப் பின்னரே புத்தளம் கோட்டை வீழ்ந்தது. வந்தவர்களின் தலைவர்களுள் ஒருவனான மாணிக்கத் தலைவன் களத்தில் மாண்டான். எஞ்சியோர் மேற்குக் கரையில் நிலம் பெற்றுக் குடியமர்ந்தனர். சுவடி பிற்காலத்தது. அதன் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. எனினும் அந்தக் கரையின் மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிவந்த கதை அது.

கதையைக் கேட்ட பையன் தூரிகையை எடுத்தான். "அப்ப கொடிக்கு என்ன நிறம்? யார் சிங்களப் பக்கம், யார் தமிழ்ப் பக்கம்?"

நான் சற்றுத் திகைத்தேன். படை திரட்டியவன் சிங்கள மன்னன். அவனுக்காகப் போரிட்டவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரையினர். எதிர்த்து நின்ற முக்குவரும் தமிழ் பேசிய கடலோடிகள். இனத்தின் நிறம் எதையும் இந்தப் போருக்குப் பூச முடியாது.

இதோடு முடியவில்லை. மாணிக்கத் தலைவனின் மகனை மன்னன் எடுத்து வளர்த்தான் என்றும், அவனே பிற்காலத்துச் செண்பகப் பெருமாள் என்றும் ஒரு மரபு உண்டு. சிங்களத்தில் சப்புமல் குமாரயா. யாழ்ப்பாணத்தை வென்று, பின்னர் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டைக்கே அரசனானான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் கூறப்படும் கட்டியத்தில் வரும் புவனேகபாகு இவனே என்று பலர் கருதுகின்றனர். யாழ்ப்பாணத்தை வென்றவனின் பெயர் யாழ்ப்பாணத்தின் முதன்மைக் கோயிலில் ஒலிக்கிறது!

அந்தக் கரையின் இன்றைய நிலை என்ன? சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளில், அந்தப் போர்வீரர்களின் வழிவந்தோர் எனக் கூறிக்கொள்ளும் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்று சிங்களக் குடும்பங்கள். 20ஆம் நூற்றாண்டில் பாடசாலைகளின் போதனாமொழி மாறியது. ஓரிரு தலைமுறையில் பிள்ளைகளின் மொழியும் மாறியது. நீர்கொழும்பு மீனவர் சிலரின் வீட்டுப் பேச்சில் மட்டும் தமிழ் தங்கியிருக்கிறது. வடக்கே உடப்பு தமிழ்க் கிராமமாகவே நின்று, திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கிறது.

1983 முதல் 2009 வரை நாம் பட்ட பாடு, பழைய போர்கள் அனைத்தையும் இரண்டே நிறங்களில் பார்க்க நம்மைப் பழக்கிவிட்டது. இரு தரப்பு மேடைகளிலும் பழைய மன்னர்களுக்கு இன்றைய கொடிகளைப் பிடிக்கக் கொடுக்கிறார்கள். புத்தளத்தில் செத்த காலாளுக்கு அந்தக் கொடி தெரியாது. அவன் கூலிக்காகவும் ஒரு துண்டு நிலத்துக்காகவும் கடல் கடந்தவன். அவனைக் காவியத் தமிழ் வீரனாக்குவதும் பொய். சிங்கள அரசின் காவலனாக்குவதும் பொய்.

"கொடியை வெறுமையாக விடு. ஆளை மட்டும் நன்றாகத் தீட்டு" என்றேன். வெயிலில் கறுத்த உடம்பு, வெறுங்கால், கையில் ஈட்டி. பையன் அப்படியே தீட்டினான். அந்த ஒரு பொம்மையை மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இதை எழுதும்போது எதிரே நிற்கிறது.