9 மணி நேரப் பயணம் 13 மணி ஆனது!
ரஷ்ய வானம் மூடியதால் வந்த வினை

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இரண்டுக்கும் நேர்த் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். நடுவே பரந்து கிடப்பது ரஷ்யா. அதன் மேலே பறந்தபோது பயணம் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

வழி அடைபட்டது

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ரஷ்ய விமானங்கள் தங்கள் வானில் பறக்க ஐரோப்பிய நாடுகள் தடை போட்டன. ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வானத்தை மூடியது.

பின்லாந்து விமானங்கள் ரஷ்யாவை ஒதுக்கிப் போக வேண்டியதாயிற்று. ஒரு வழி, வட துருவத்தின் மேலே. அது சுமார் 12,900 கிலோமீட்டர். 13 மணி நேரம்! தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்.

பழைய பாதை

இந்தப் பாதை புதிதல்ல. சோவியத் வானம் திறக்காத காலத்தில், 1983-ல், பின்லாந்து விமானம் துருவம் வழியாகவே டோக்கியோ சென்றது. அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான்.

நாற்பது ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. அண்டை நாடுகள் பகைத்ததும் அத்தனை முன்னேற்றமும் வீணாயிற்று. கூடுதல் நேரம், கூடுதல் எரிபொருள். தரையில் நடக்கும் சண்டைக்கு வானத்தில் போகிறவரும் விலை கொடுக்கிறார்!