அப்பா படித்த பள்ளியும் ஊரார் வரிப்பணமும்



தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு வந்தாலே எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் வேறு பேச்சு இருக்காது. எந்தப் பள்ளியில் குலுக்கல், யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதுதான். ‘ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி’ என்று கல்வி அமைச்சு பத்தாண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. அப்படியானால், பெற்றோர் படித்த பள்ளி என்பதற்காக 2ஏ பிரிவில் ஒரு பிள்ளைக்கு ஏன் முன்னுரிமை தர வேண்டும்?

உடன்பிறந்தோருக்கான முதல் பிரிவில் எனக்கு மனக்குறை இல்லை. அண்ணன் படிக்கும் பள்ளியில் தங்கையும் படிக்கட்டும். காலையில் இரண்டு பிள்ளைகளை இரண்டு திசைகளில் கொண்டுபோய் விடும் பாடு பெற்றோருக்குத்தான் தெரியும். 2ஏ அப்படியல்ல. அம்மாவோ அப்பாவோ முன்பு அங்கே படித்திருந்தால் போதும், பள்ளிக்கு எதிர்ப்புறம் குடியிருக்கும் பிள்ளைக்கு முன்னால் பொங்கோலிலிருந்து வரும் பிள்ளை வரிசையில் நிற்கலாம். தாத்தா காலத்தில் சிங்கப்பூருக்கு வந்து அக்கம்பக்கப் பள்ளியில் படித்த குடும்பமானாலும் சரி, பத்து ஆண்டுக்கு முன் திருச்சியிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற குடும்பமானாலும் சரி, பெயர்பெற்ற பள்ளிகளின் இந்த வரிசையில் அவர்களுக்கு இடமே இல்லை. சீனத்தை மட்டுமே தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளைக் கழித்தால், தமிழ்ப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கக்கூடிய பட்டியல் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

அடுத்து வருவது 2பி. முந்தைய ஆண்டு ஜூலை 1க்குள் பள்ளியில் தொண்டூழியராகச் சேர்ந்து, 40 மணி நேரம் சேவை செய்து முடிக்க வேண்டும். கேட்டவர் எல்லாரையும் பள்ளி சேர்த்துக்கொள்வதும் இல்லை, செய்து முடித்தவர்க்கெல்லாம் இடம் உறுதியும் இல்லை. வார நாளில் பகல் நேரத்தில் நூலகத்தில் புத்தகம் அடுக்கவும் சாலை கடக்கும் இடத்தில் நிற்கவும் யாருக்கு முடியும்? ஷிப்டில் பேருந்து ஓட்டுபவருக்கா? 12 மணி நேரம் காவல் வேலை பார்ப்பவருக்கா? பிள்ளையின் இடத்துக்காகச் செய்வதைத் தொண்டு என்று சொல்லவே எனக்கு நா கூசுகிறது. பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயமோ சீனர் குலச் சங்கமோ பரிந்துரைத்தாலும் இதே பிரிவில் வரலாம். அடித்தளத் தலைவர்களுக்கும் இங்கே வழி உண்டு.

2013 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் குறைந்தது 40 இடங்கள் ஒதுக்கப்படும் என்றார். கைதட்டினோம். நடைமுறைக்கு வந்தபோது அதில் 20 இடங்கள் 2பிக்குப் போயின. தொண்டூழியமும் பரிந்துரையும் தொடர்பு இல்லாமல் வேறென்ன? 2022ல் ஒதுக்கீடு 60 ஆனது. 2பிக்கு 20, எந்தத் தொடர்பும் இல்லாத 2சிக்கு 40. ஆறு வகுப்பு, வகுப்புக்கு 30 பிள்ளைகள் என்றால் மொத்தம் 180 இடம். அதில் சாதாரணக் குடும்பத்துக்கு உறுதியானது நாலில் ஒன்றுகூட இல்லை.

முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு நன்கொடை தருகிறார்கள், மரபைக் காக்கிறார்கள் என்பார்கள். தரட்டும், காக்கட்டும். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். அதாவது நீங்களும் நானும். அரசாங்க உதவிபெறும் பள்ளியும் இதற்கு விலக்கில்லை. சலுகை ஆறு வயதோடு நிற்பதும் இல்லை. இணைப்புள்ள தொடக்கப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (பிஎஸ்எல்இ) முடிந்ததும் அதே பெயர்கொண்ட உயர்நிலைப்பள்ளியில் மறுபடி முன்னுரிமை. இணைப்பில்லாதவர்க்கென 20 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கியதே 2019 சேர்க்கையிலிருந்துதான்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை மட்டும் பார்த்து இடம் தந்தால் நியாயம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. புக்கிட் தீமாவில் ஒரு பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வீடு வாங்கக்கூடியவர் யார் என்பது தெரிந்த விஷயம்.

இந்தச் சின்னத் தீவில் பிள்ளைகளே குறைந்துவருகிறார்கள். 2023ல் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது. பள்ளிகள் இணைக்கப்படுகின்றன. 2019ல் எட்டுத் தொடக்கக்கல்லூரிகள் நான்காக இணைந்தபோது, பெயர்பெற்ற பழைய கல்லூரி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. தொடக்கப்பள்ளியிலும் அதே கதைதான் நடக்கும் என்பது என் அச்சம். ஒரு பக்கம் முன்னாள் மாணவர் பிள்ளைகளால் பள்ளி நிரம்பும். மறுபக்கம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டைப் பள்ளி ஆளின்றிப் பூட்டப்படும்.

அமைச்சிடம் நான் கேட்பது இவ்வளவே. உடன்பிறந்தோர் பதிவு முடிந்ததும் மிஞ்சும் இடங்களில் பாதியை 2சிக்கு ஒதுக்குங்கள். 2பியை எடுத்துவிடுங்கள். பெயர்பெற்ற ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி (ஏசிஎஸ்) 2030ல் தெங்காவுக்கு இடம் மாறவிருக்கிறது. அங்கே புதிதாகக் குடியேறும் வீவக குடும்பங்களின் பிள்ளைகள் பதிவுக்கு வருமுன் இந்த விதி மாற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்