உலகத்துக் கட்டுச்சோறும் நம் வாழையிலைப் பொட்டலமும்



பள்ளிக்கூடம், காலேஜ், ஆபீஸ் என்று காலையில் மூன்று, நான்கு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்புகிற நமக்குச் சாயங்காலம்தான் பரீட்சை ரிசல்ட். மூடியைத் திறந்தால் பாதிச் சாதம் அப்படியே இருக்கும். "ஏண்டி சாப்பிடலை?" என்று கேட்டால், "டயமே இல்லேம்மா" என்று ஒரே பதில். குழாயடியில் கை கழுவக் கூட்டம், பிசைந்து சாப்பிட நேரமில்லை, அதற்குள் மணி அடித்துவிடுகிறது. திருவையாற்றிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு வேலைக்கு வரும் பெண்களின் கதையும் இதுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாகத் தெரிய வந்தது. வளர்கிற பெண் தினமும் மத்தியானச் சாப்பாட்டை அரைகுறையாக மூடிவைத்தால், அது இரத்தத்தில்தானே தெரியும்?

கை கழுவ வசதியில்லாமல், உட்கார நேரமில்லாமல் சாப்பிட வேண்டிய நிலை நம் குழந்தைகளுக்கு மட்டும் வந்ததல்ல. உலகம் முழுக்க உழைக்கிற ஜனங்களுக்கு இருந்திருக்கிறது. அவரவர் ஊரில் அவரவர் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஊருக்கு ஊர் கட்டுச்சோறு

ஜப்பானில் 'ஓனிகிரி' என்று ஒன்று. சோற்றை உப்புத் தண்ணீர் தொட்ட கையால் உருண்டையாகவோ முக்கோணமாகவோ பிடித்து, நடுவில் 'உமெபோஷி' என்ற புளிப்பான உப்புக்காய் ஊறுகாயை வைத்து, வெளியே கடற்பாசித் தாளைச் சுற்றிவிடுகிறார்கள். தாளைப் பிடித்துக்கொண்டு கடித்துச் சாப்பிட வேண்டியதுதான். விரலில் சோறு ஒட்டாது.

சீனாவில் பசையுள்ள அரிசியை மூங்கில் இலையில் பொட்டலமாகக் கட்டி வேகவைக்கிறார்கள். இந்தோனேஷியாவின் 'லெம்பர்' வாழையிலைக்குள் சுருட்டிய சோறு. மலேசியாவின் 'நாசி லெமாக்' தேங்காய்ப்பாலில் வெந்த சாதம். அதையும் வாழையிலையில்தான் மடித்துத் தருவார்கள். இலங்கையில் டச்சுக்காரர் வழிவந்த பறங்கியர்கள் 'லம்ப்ரைஸ்' என்று சோறு, கறி எல்லாவற்றையும் சேர்த்து வாழையிலையில் கட்டிச் சுடுகிறார்கள்.

மெக்ஸிகோவில் 'தமாலே'. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து, அந்த மாவைச் சோளக்கதிரின் மேல்தோலில் மடித்து ஆவியில் வேகவிடுவது. சுண்ணாம்பு எதற்கு என்கிறீர்களா? மக்காச்சோளத்தில் உடம்புக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கும் ஒரு பி வைட்டமினை அதுதான் விடுவிக்கிறது. படிக்காத பாட்டிமார் கண்ட வைத்தியம்!

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தகரச் சுரங்கத் தொழிலாளிகள் 'பேஸ்ட்டி' கொண்டுபோனார்கள். நம்ம சோமாசியைப் பெரிதாக்கி, உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. அழுக்குக் கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டு விளிம்பை எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நடவு வயலில் சேற்றுக் கையோடு கரையேறி வரும் நம் பெண்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக மூன்று இருப்பதைக் கவனித்தீர்களா? பிடித்துக்கொள்ள ஒரு உறை. கெடாமலிருக்க உப்பு, புளிப்பு. வயிறு நிறைய உள்ளே ஒரு சத்து.

நம்மிடம் என்ன இல்லை?

காவிரிக் கரைக்காரர்களுக்கு இது புதிதா என்ன! ஆடிப்பெருக்குக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிறவர்கள் நாம். நிலாச் சோறு என்று முற்றத்தில் உட்கார்த்தி, அம்மா கையில் உருட்டிப் போட்ட கவளம்தான் நம்ம ஊர் ஓனிகிரி. ரயிலுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவிய இட்லியைவிடச் சௌகரியமான கைச்சாப்பாடு எந்த நாட்டில் இருக்கிறது?

இன்னொன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். காவிரியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் பொன்னி அரிசி, மலேசியாவிலிருந்து வந்த மசூரி ரகத்தின் வழி வந்ததுதான். நெல்லே கடல் தாண்டி வந்து நம் வீட்டுப் பெண்ணாகிவிட்டபோது, சமைக்கும் யோசனை வந்தால் என்ன குறைந்துவிடும்?

நம் சித்திரான்னங்களில் உப்பும் புளிப்பும் உண்டு. உறைக்கு வாழையிலை கொல்லையிலேயே இருக்கிறது. கொஞ்சம் குறைவது பருப்பும் கீரையும்தான். அதைச் சேர்த்துவிட்டால் போதும். மூன்று பக்குவம் சொல்கிறேன்.

1. எலுமிச்சைப் பருப்பு உருண்டை

பச்சரிசி 1 டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் மூன்றரை டம்ளர். குக்கரில் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு மசித்துத் தாம்பாளத்தில் பரப்புங்கள். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். சூடு தணிந்ததும் ஒன்றரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிதாகப் பிடித்து, நடுவில் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு வையுங்கள். ஜப்பான்காரர் உமெபோஷி வைக்கிற இடத்தில் நமக்கு நார்த்தங்காய்! தைமாதம் அறுத்த புது அரிசியானால் ஒட்டிக்கொண்டு அழகாக வரும். பழைய அரிசிக்குக் கால் டம்ளர் தண்ணீர் கூட விடவும்.

2. காரக் கொழுக்கட்டை

பச்சரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு 2 மேஜைக்கரண்டி, மிளகு, சீரகம் சேர்த்து ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். தாளித்து, இரண்டேகால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, கெட்டியானதும் இறக்கிப் பிடித்து, ஆவியில் 12 நிமிஷம் வேகவையுங்கள். துருவிய கேரட்டோ ஊறவைத்த பாசிப்பருப்போ சேர்க்கலாம். இதுதான் நம் தமாலே. உறைகூடத் தேவையில்லை, பிடித்த விரல் அடையாளமே அதற்கு அழகு.

3. முருங்கைக்கீரை அடைச் சுருள்

புழுங்கலரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், காய்ந்த மிளகாய் 5. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரவென்று அரைத்து, உப்பு, பெருங்காயத்துடன் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கலந்துகொள்ளுங்கள். வழக்கமான மொறுமொறு அடையாக வேண்டாம். மெல்லிசாக, மெத்தென்று வார்த்து எடுங்கள். முளைகட்டிய பாசிப்பயறு சுண்டலை ஒன்றிரண்டாக மசித்து, எலுமிச்சை பிழிந்து உள்ளே வைத்துப் பாய் மாதிரி சுருட்டுங்கள். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் 'சி' உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் அது வீணாகும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இலை கட்டும் விதம்

வாழையிலையின் நடுநரம்பை நீக்கி, இலையை அடுப்பு அனலில் லேசாக வாட்டுங்கள். பச்சை நிறம் பளபளவென்று மாறியதும் துணி மாதிரி மடங்கும், கிழியாது. ஈரமில்லாமல் துடைத்து, உருண்டையை அல்லது சுருளை வைத்து மடித்து, வாழைநாரால் ஒரு முடிச்சு. குழந்தையிடம், "பாதி இலையைப் பிரி, மீதி இலையைப் பிடிச்சுக்கோ, கடிச்சுக் கடிச்சுச் சாப்பிடு" என்று வீட்டிலேயே ஒருதரம் பழக்கிவிடுங்கள். கை கழுவுவது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. தண்ணீர் வராத நாளிலும் பட்டினி கிடக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்தித்தாளில் மட்டும் எதையும் பொதியாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும். பாலிதீன் தாள் வேண்டவே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் அது தடை செய்யப்பட்டதுதானே!

இதை மறக்காதீங்க

சாதம் கெட்டால் ஊசிப்போன வாடை வந்துதான் தெரியும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அரிசியில் ஒருவகைக் கிருமியின் விதை மாதிரியான உருவங்கள் இருக்கும். கொதியிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் இருந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாடையும் வராது. ஆகவே:

இராத்திரி வெளியே இருந்த சோற்றைத் தாளித்துக் காலையில் கட்டி அனுப்பாதீர்கள். அன்றைய சோறே ஆகட்டும்.

ஆவி பறக்க மூடாதீர்கள். தாம்பாளத்தில் பரப்பி விசிறி ஆற்றி, பிறகு கட்டுங்கள். மூடிக்குள் வேர்த்த தண்ணீர்தான் முதல் எதிரி. சூடாகத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடுங்கள். ரெண்டுங்கெட்டான் சூடுதான் ஆபத்து.

புளியும் எலுமிச்சையும் கிருமி பெருகுவதை மட்டுப்படுத்தும், அடியோடு ஒழித்துவிடாது. காலையில் செய்ததை மத்தியானமே சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தைச் சாயங்காலம் ருசி பார்க்க வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் வேண்டாம். தயிர்சாதம் என்றால், மசித்து ஆறிய சாதத்தில் காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்தால், மத்தியானம் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் முழு வேர்க்கடலை, வறுத்த கடலைப்பருப்பு சேர்க்காதீர்கள். ஓடிக்கொண்டே தின்னும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பொடி பண்ணிச் சேருங்கள். தாளித்த மிளகாயையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ வெள்ளியோ, இலைப் பொட்டல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை பிடிக்கிற வேலையைக் குழந்தைகளிடமே கொடுங்கள். தான் பிடித்த உருண்டையைத் தானே திருப்பிக் கொண்டுவர எந்தக் குழந்தைக்கும் மனசு வராது. பையன்களையும் கூப்பிடுங்கள், பெண் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த வேலையா இது?

நம் மாமியார், பாட்டிமார் வண்டி கட்டிப் போன நாளில் என்னென்ன கட்டுச்சோறு கட்டினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத சத்தைச் சேர்ப்பது நம் பொறுப்பு. அடுத்த இதழில் வெயில் காலத்துக்கான மோர், பானக வகைகளோடு வருகிறேன். அதுவரை, டிபன் பாக்ஸ் காலியாகவே திரும்பட்டும்!